கேளுங்கள், சொல்கிறேன்: 1925ஆம் வருஷத்து அலமாரி

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "ஒரே ஒரு வருஷத்து நாவல்களை வைத்துக்கொண்டு மீதி அத்தனையையும் தானம் பண்ணிவிடு என்று யாராவது சொன்னால், நான் 1925ஐ வைத்துக்கொள்வேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அந்த வருஷம்தான். ஜாதகத்துக்குப் பலன் கேட்டு எழுதியவர்கள் வேறு பத்திரிகை பார்த்துக்கொள்ளுங்கள், நான் வெறும் நூலகர், அதுவும் ஓய்வு பெற்றவள்.

பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எனவே எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கே: 1922 என்றால் ஒப்புக்கொள்வேன். ஜாய்ஸின் 'யுலிஸஸ்' வந்த வருஷம். 1925இல் அப்படி என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சாத்தூர்)

சார், 1922 விமர்சகர்களின் வருஷம். 1925 வாசகர்களின் வருஷம். நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள், எனக்கு வாசகர்தான் கணக்கு.

தேதிகளைப் பாருங்கள். ஏப்ரல் 10, நியூயார்க்: ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'. ஏப்ரல் 26, பெர்லின்: காஃப்காவின் 'விசாரணை'. மே 14, லண்டன்: வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே'. ஐந்து வாரத்துக்குள் மூன்று ஊரில் மூன்று புத்தகம். நூறு வருஷம் கழித்தும் மூன்றும் அச்சில் இருக்கின்றன. அதே வருஷ முடிவில் தியோடர் ட்ரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜடி' இரண்டு பாகமாக வந்தது. நடுவில் சாமர்செட் மாம், வில்லா கேத்தர், ஜான் டாஸ் பாஸோஸ், சின்க்ளேர் லூயிஸ், பிரான்சில் ஆந்த்ரே ஜீத். கெர்ட்ரூட் ஸ்டைன் தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு நாவல் போட்டார், அதை முழுக்கப் படித்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இவற்றில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு வருஷத்துப் புத்தகங்களை வரிசையாக வைத்தால் பெரும்பாலும் ஒரே வாடை அடிக்கும். இங்கே அது இல்லை.

கே: 'கேட்ஸ்பி' வந்தபோது ஓடவே இல்லை என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலேயே பாடமாக இருக்கிற நாவல் எப்படி ஓடாமல் போயிருக்கும்? (முதுகலை மாணவி, திருநெல்வேலி)

பேராசிரியர் சொன்னது சரிதான். முதல் அச்சு 20,870 பிரதி, விலை 2 டாலர். அது விற்றது. அந்த தைரியத்தில் ஆகஸ்டில் இன்னும் 3,000 அடித்தார்கள். அதில் மிச்சம் இருந்த பிரதிகள், 1940 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் 44 வயதில் இறந்துபோனபோதும் பதிப்பாளரின் கிடங்கில் கிடந்தன. இருபத்தி மூன்று வயதில் முதல் நாவலிலேயே ஊரைக் கலக்கியவர் அவர். மூன்றாவது நாவல் முந்தையவை போன அளவில் பாதிகூடப் போகவில்லை என்றால் எப்படி இருந்திருக்கும்? "ஃபிட்ஸ்ஜெரால்டின் புதுப் புத்தகம் புஸ்வாணம்" என்கிற தொனியில் நியூயார்க்கின் ஒரு நாளிதழ் தலைப்பே போட்டது. அந்தக் காலத்து விமர்சனச் சக்கரவர்த்தி மென்கென் இதை அலங்காரம் செய்த துணுக்குக் கதை என்ற அளவில்தான் மதித்தார்.

ஏன் ஓடவில்லை என்பதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டே தன் எடிட்டர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு இரண்டு காரணம் எழுதினார். ஒன்று, தலைப்பு சரியில்லை. இரண்டு, நாவல் வாங்குகிறவர்கள் பெண்கள், இதிலோ மனதில் நிற்கிற பெண் பாத்திரம் இல்லை. இரண்டாவதை நான் பாதி ஒப்புக்கொள்வேன். கேட்ஸ்பி காதலிக்கிற டெய்சியின் குரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார், ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை. தலைப்புக்காக அவர் பட்ட பாடு தனிக் கதை. புத்தகம் வெளிவர மூன்று வாரம் இருக்கும்போது இத்தாலியில் காப்ரி தீவிலிருந்து, தலைப்பை மாற்றினால் எவ்வளவு தாமதமாகும் என்று தந்தி அடிக்கிறார்! நல்லவேளை, பெர்கின்ஸ் அசையவில்லை.

அட்டைப் படம் மட்டும் ஆரம்பத்திலேயே அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. கருநீல இரவு வானம், அதில் மிதக்கும் இரண்டு கண், சிவந்த உதடு, கீழே ஊர் விளக்குகள். பிரான்சிஸ் கூகாட் என்ற ஓவியர் வரைந்தது. நாவல் முடிவதற்கு முன்பே படம் தயாராகிவிட்டது. அந்த அட்டையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நான் அதைக் கதைக்குள்ளேயே எழுதிவிட்டேன் என்று பெர்கின்ஸுக்குக் கடிதம் போட்டார்.

புத்தகம் பிழைத்தது எப்படி என்றால், யுத்தத்தால். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டைப்பையில் வைக்கிற மாதிரி அகலவாக்கில் சின்னச் சின்னப் பதிப்புகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். 1945இல் அந்த வரிசையில் 'கேட்ஸ்பி' சுமார் 1,55,000 பிரதி. எழுதியவர் உயிரோடு இருந்து விற்றதைவிட ஆறு மடங்கு. கப்பலிலும் முகாமிலும் பொழுது போகாமல் படித்த பையன்கள் ஊருக்குத் திரும்பிக் கல்லூரியில் சேர்ந்தார்கள். விமர்சகர்களும் அந்த நேரத்தில்தான் ஃபிட்ஸ்ஜெரால்டைத் திரும்ப எடுத்துப் படித்து எழுத ஆரம்பித்தார்கள். அப்புறம் பாடத்திட்டம். 2021 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் காப்புரிமையும் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

நூலகம் நடத்தியவள் என்பதால் எனக்கு அதில் ஒரு காட்சி உயிர். கேட்ஸ்பியின் பங்களாவில் விருந்து நடக்கிறது. ஆந்தைக் கண் மாதிரி பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குடிகாரர் அங்கே இருக்கிற நூலக அறையில் உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் நிஜப் புத்தகம்! அட்டைப் பெட்டி என்று நினைத்தேன்" என்கிற மாதிரி வியந்துபோகிறார். ஆனால் பக்கங்கள் வெட்டப்படவில்லை என்பதையும் கவனித்துச் சொல்கிறார். அந்தக் காலத்தில் தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்பார்கள், படிக்கிறவர் கத்தி வைத்து ஓரத்தை அறுத்துக்கொண்டே போக வேண்டும். ஆக, கேட்ஸ்பி அவ்வளவு புத்தகம் வாங்கி அடுக்கி ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. ஒரு ஆளைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? நூற்றுக்கணக்கில் வந்து சாப்பிட்டுப் போன கூட்டத்தில், கடைசியில் அவன் சாவுக்கு வந்து நிற்கிற ஓரிருவரில் இந்த ஆந்தைக் கண்காரரும் ஒருவர். கதையைச் சொல்லிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நூறு வருஷம் ஆகிவிட்டது.

கே: அமிதாப் பச்சன் அதில் நடித்தாராமே? (மதுரை)

2013இல் வந்த படத்தில், மேயர் வுல்ஃப்ஷைம் என்ற சூதாட்டப் பெரும்புள்ளியாக. ஒரு மதியச் சாப்பாட்டு நேரம்தான் வருவார். புத்தகத்தில் அந்த ஆளின் சட்டைக் கைப் பொத்தான்கள் மனிதக் கடைவாய்ப் பல்லில் செய்தவை.

கே: 'மிஸஸ் டாலோவே'யை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் இருபதாவது பக்கத்தில் வைத்துவிட்டேன், அம்மா. ஒரு பெண்மணி பூ வாங்கப் போகிறாள், அவ்வளவுதான். எனக்குத்தான் புத்தி போதவில்லையா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

உங்கள் புத்திக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இரவில் எல்லா வேலையும் முடித்துவிட்டுப் படுக்கையில் படிக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் கோளாறு. இந்த நாவலில் அத்தியாயமே கிடையாது. காலையில் ஆரம்பித்து ராத்திரி விருந்தில் முடிகிற ஒரே நாள், 1923 ஜூன் மாதம். தினம் நாலு பக்கம் என்று படித்தால் நேற்று யார் தலைக்குள் இருந்தோம் என்பதே மறந்துபோகும். யாராவது கல்யாணத்துக்குப் போய் வீடு காலியாக இருக்கிற ஒரு பகல் பொழுதைப் பாருங்கள். முதல் முப்பது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், ஆங்கிலமோ மொழிபெயர்ப்போ. புரியாத இடத்தில் நிற்காமல் தாண்டுங்கள்.

தாண்டிப் போனால் இருபதாவது பக்கத்தை ஒட்டியே ஒரு விமானம் வரும். லண்டன் வானத்தில் புகையால் எழுத்து எழுதிக்கொண்டு போகிறது. அப்போது அது புது விளம்பர உத்தி. தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்து ஆளுக்கொரு விதமாக வாசிக்கிறார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறவள் ஒன்று சொல்கிறாள், பக்கத்தில் நிற்கிறவள் வேறு சொல்கிறாள், இன்னொருவர் மிட்டாய் விளம்பரம் என்கிறார். பூங்காவில் உட்கார்ந்திருக்கிற செப்டிமஸ் என்ற இளைஞனுக்கு மட்டும் வானம் தன்னோடு பேசுவதாகத் தோன்றி அழுகை வருகிறது. யுத்தத்திலிருந்து திரும்பியவன், அங்கே நண்பனைப் பறிகொடுத்தவன். இத்தாலியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி, தொப்பி தைக்கிற பெண், பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறாள். டாக்டர்கள் இரண்டு பேர் வருவார்கள், இரண்டு பேர் மேலும் உங்களுக்கு ஆத்திரம் வரும். வுல்ஃபுக்கே பலமுறை மனநிலை பாதிக்கப்பட்டு, படுத்தே கிட, பாலைக் குடி, எழுதாதே என்கிற வைத்தியம் நடந்திருக்கிறது. அந்த ஆத்திரம் சும்மா வந்ததில்லை.

ஆக நாவலில் இரண்டு பேர்: விருந்து கொடுக்கிற சீமாட்டி கிளாரிசா டாலோவே, தவிக்கிற சிப்பாய் செப்டிமஸ். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை. முதலில் வுல்ஃப் போட்ட திட்டத்தில் செப்டிமஸே கிடையாது, கிளாரிசாதான் அந்த விருந்தின் முடிவில் சாவதாக இருந்தது. அதை மாற்றிய பிறகுதான் நாவல் நாவலாயிற்று என்பது என் எண்ணம்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கிளாரிசா கட்சி. நான் மிஸ் கில்மன் கட்சி. கிளாரிசாவின் மகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்க வருகிற ஏழை ஆசிரியை. வருஷக் கணக்காக ஒரே மழைக்கோட்டு. யுத்த காலத்தில் ஜெர்மானியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல மறுத்ததால் வேலை போனவள். ஒரு பெரிய கடையில் டீ குடிக்கும்போது, பக்கத்து மேஜைக் குழந்தை தின்கிற இளஞ்சிவப்புக் கேக்கின் மேல் அவளுக்கு ஒரு கண். வுல்ஃப் அவளைக் கொஞ்சம் கேலியாகத்தான் எழுதுகிறார். எனக்கு அந்த இடத்தில் எழுத்தாளர் மேல் கோபம். மழைக்கோட்டு மாற்ற வசதியில்லாத வாத்தியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புத்தகம் வாங்க முடியாமல் நூலகத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவார்கள்.

இப்படி ஒரு புத்தகத்தை 1925இல் எந்தப் பதிப்பாளர் தயங்காமல் போட்டிருப்பார்? வுல்ஃபுக்கு அந்தக் கவலை இல்லை. அவரும் கணவர் லெனார்டும் 1917இல் ஒரு சின்னக் கை அச்சு இயந்திரம் வாங்கி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தொடங்கியதுதான் ஹோகார்த் பிரஸ். 'மிஸஸ் டாலோவே' அவர்கள் சொந்தப் பதிப்பு. அட்டை வரைந்தவர் அக்கா வனெஸா பெல். இங்கிலாந்தில் மனதுக்குப் பிடித்ததை எழுதச் சுதந்திரம் உள்ள ஒரே பெண் நான்தான் என்று அந்த வருஷ டைரியில் எழுதிவைத்திருக்கிறார். கொஞ்சம் மிகைதான். ஆனால் அச்சு இயந்திரம் வீட்டில் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கே: தன் எழுத்தையெல்லாம் எரித்துவிடச் சொன்னார் காஃப்கா. நண்பர் எரிக்காமல் அச்சிட்டுவிட்டார். சட்டப்படி இது நம்பிக்கை மோசடி இல்லையா? (வழக்கறிஞர், ஈரோடு)

வக்கீல் சார் கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காஃப்காவும் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதை மறக்க வேண்டாம். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. உயில் என்றால் என்ன, அதை நிறைவேற்ற யாரைப் போட வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 1924 ஜூன் 3இல் அவர் இறந்தபிறகு மேஜையில் நண்பர் மாக்ஸ் ப்ரோடுக்கு எழுதிய சீட்டுகள் கிடைத்தன: என் கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள் எல்லாவற்றையும் படிக்காமல் எரித்துவிடு என்று. ப்ரோட் சொல்வது என்னவென்றால், நான் இதைச் செய்ய மாட்டேன் என்று முன்னமே அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், அப்புறமும் என்னையே நியமித்தார் என்றால் என்ன அர்த்தம்?

இது நீதிமன்றத்தில் நிற்குமோ என்னவோ, என்னிடம் நிற்கிறது. எரிக்க வேண்டும் என்று மெய்யாகவே நினைத்தவர் பிராகில் ஓர் அடுப்பைக் கண்டுபிடித்திருப்பார். ப்ரோட் செய்ததிலும் ஓர் நேர்மை இருக்கிறது. 'விசாரணை'யின் முதல் பதிப்பில் தன் பின்னுரையில் அந்தச் சீட்டையும் அச்சிட்டார். என்னை எரித்துவிடு என்ற கட்டளை, எரிக்கப்படாத அந்தப் புத்தகத்தின் முதுகிலேயே இருந்தது.

ப்ரோட் கைக்கு வந்தது முழுப் புத்தகம் இல்லை. 1914 ஆகஸ்டில், முதல் யுத்தம் தொடங்கியபோது, அதுவும் கல்யாண நிச்சயம் முறிந்த கையோடு காஃப்கா எழுத ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அப்படியே நிறுத்திவிட்டார். அத்தியாயங்கள் தனித்தனிக் கட்டாக இருந்தன, எண் போடவில்லை. எது முன், எது பின் என்று அடுக்கியது ப்ரோட். அந்த வரிசை சரியா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1939இல் நாஜிகள் பிராகுக்குள் நுழைகிற நேரத்தில், ப்ரோட் அந்தத் தாள்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறிப் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். அதில் 'விசாரணை'யின் கையெழுத்துப் பிரதி 1988இல் லண்டனில் பத்து லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. இப்போது ஜெர்மனியில் மார்பாக் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

உங்களுக்காக ஒன்று. கதையில் பிளாக் என்று ஒரு வியாபாரி வருவார். வழக்கு நடந்து வருஷக் கணக்காகிறது. ஒரு பெரிய வக்கீலை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் இன்னும் ஐந்து சில்லறை வக்கீல்களையும் வைத்திருக்கிறார். வக்கீல் எப்போது கூப்பிட்டாலும் ஓடிவர வசதியாக அவர் வீட்டிலேயே ஒரு பொந்தில் படுத்துக்கொள்கிறார். வாய்தா வாங்கி வாங்கியே வயதான கட்சிக்காரர்களை ஈரோட்டிலும் பார்த்திருப்பீர்கள். நீதிமன்றம் ஏழைகள் குடியிருக்கிற கட்டடத்தின் மச்சில் நடக்கிறது. படியேறிப் போனால் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள், அவள்தான் வழி காட்டுகிறாள். காஃப்காவைக் கனவு, தத்துவம் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எனக்கு அவர் நம் தாலுகா ஆபீஸை எழுதிய மாதிரிதான் இருக்கிறது. படித்துச் சிரிக்கலாம், தப்பில்லை. காஃப்காவே முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்குப் படித்துக் காட்டும்போது சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார் என்று ப்ரோட் எழுதியிருக்கிறார்.

தமிழில் ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மன் மொழியிலிருந்து நேரடியாகச் செய்த 'விசாரணை' இருக்கிறது, க்ரியா வெளியீடு. எங்கள் கிளை நூலகத்தில் இருந்த பிரதியின் தேதிச் சீட்டில் முத்திரைகள் வெகு இடைவெளிவிட்டுத்தான் இருந்தன. ஆனால் எடுத்தவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டரில் ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டுத்தான் போனார்கள். குடும்ப நாவல் எடுத்தவர் யாரும் அப்படி நின்றதில்லை.

கே: 1925இல் அதிகம் விற்ற நாவல் எது? (வங்கி ஊழியர், கோவை)

அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் ஹாமில்டன் கிப்ஸ் எழுதிய 'சவுண்டிங்ஸ்'. கேள்விப்பட்டதில்லை அல்லவா? அதுதான் பதில்.

கே: அந்த வருஷம் நோபல் யாருக்கு? (போட்டித் தேர்வு எழுதுபவர், விருதுநகர்)

பெர்னார்ட் ஷா. 1925க்கான பரிசை நிறுத்திவைத்து 1926இல் கொடுத்தார்கள், தேர்வில் இதை மாற்றிக் கேட்பார்கள், கவனம். அவர் நாடகக்காரர். இளமையில் ஐந்து நாவல் எழுதிப் பதிப்பாளர்கள் வாசலில் அலைந்து தோற்றவர்.

இதோடு இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். சின்க்ளேர் லூயிஸின் 'ஏரோஸ்மித்' 1925. ஒரு டாக்டர் பணம், புகழ், ஆராய்ச்சி மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற கதை. நுண்ணுயிர் ஆய்வாளர் பால் டி க்ரூய்ஃப் கூடவே இருந்து விஷயமெல்லாம் சொல்லிக்கொடுத்தார், அதற்காக வருமானத்தில் நாலில் ஒரு பங்கு அவருக்கு. 1926இல் இதற்குப் புலிட்சர் பரிசு அறிவித்தார்கள். லூயிஸ் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கொள்கை என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினார். உள்ளே பழைய காயமும் உண்டு: 1921இல் நடுவர்கள் அவருடைய நாவலைச் சிபாரிசு செய்தும் மேலே இருந்தவர்கள் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1930இல் நோபல் வந்தபோது மட்டும் மறுக்கவில்லை. அமெரிக்காவுக்கு அதுதான் முதல் இலக்கிய நோபல்.

கே: எல்லாம் கனமாக இருக்கிறதே, சிரிக்க ஒன்றும் இல்லையா? (சிதம்பரம்)

உண்டு. அனிதா லூஸின் 'ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்'. மர்லின் மன்றோ நடித்த படத்தின் மூலம். லாரலை லீ என்ற பெண்ணின் டைரி. எழுத்துப் பிழை மலிந்த டைரி, ஆனால் வைர நகை விஷயத்தில் பிழையே விடாதவள். லூஸ் ரயிலில் போகும்போது எரிச்சலில் எழுதியது இது. மேலே சொன்ன மென்கென், அவ்வளவு பெரிய அறிவாளி, ஒரு பொன்முடிக்காரியிடம் மயங்கிக் கிடந்ததைப் பார்த்த எரிச்சல். அப்புறம் அதை அவருக்கே அனுப்பிவைத்தார்! மனிதர் சிரித்துவிட்டு, பத்திரிகைக்குக் கொடு என்று வழி சொன்னார். 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழில் தொடராக வந்தது. புத்தகமாக முதலில் அச்சடித்தது 1,200 பிரதிதான், வந்த வேகத்தில் தீர்ந்தது. ஈடித் வார்ட்டன், ஜாய்ஸ் எல்லாம் ரசித்துப் படித்தார்கள்.

கே: சாமர்செட் மாம் எங்கள் ஊருக்கு வந்தவர். அவர் அந்த வருஷம் என்ன எழுதினார்? (திருவண்ணாமலை)

'தி பெய்ண்டட் வெய்ல்'. கணவனுக்குத் துரோகம் செய்த பெண்ணை, நுண்ணுயிர் ஆய்வாளரான அந்தக் கணவன் காலரா பரவிய சீன ஊருக்கு வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போகிறான். கதையைவிட வழக்கு சுவாரசியம். நாயகன் குடும்பப் பெயரை லேன் என்று வைத்திருந்தார். ஹாங்காங்கில் நிஜமாகவே ஒரு லேன் தம்பதி இருந்து வழக்குப் போட, 250 பவுண்டு கொடுத்துத் தீர்த்து, பெயரை ஃபேன் என்று மாற்றினார்கள். அதோடு விட்டதா? ஹாங்காங் அரசாங்கத்தின் உயர் அதிகாரி ஒருவரும் கிளம்பினார், ஊர்ப் பெயரையே கற்பனைப் பெயராக மாற்ற வேண்டியதாயிற்று. மாம் உங்கள் ஊருக்கு வந்து ரமணரைப் பார்த்தது அதற்கு வெகு நாள் கழித்து, 1938இல்.

கே: 1925இல் எழுதி, வெளிவராமலே போன நல்ல நாவல் உண்டா? (ஐடி ஊழியர், பெங்களூரு)

நல்ல கேள்வி. மிகயில் புல்ககோவின் 'நாயின் இதயம்'. மாஸ்கோவில் ஒரு பேராசிரியர் தெருநாய்க்கு மனிதனின் பிட்யூட்டரி சுரப்பியைப் பொருத்துகிறார். நாய் மனிதனாகிறது. அடுத்து அது அரசாங்க உத்தியோகத்திலும் சேர்கிறது, தெருப்பூனைகளை ஒழிக்கிற துறையில் அதிகாரியாக! 1925 மார்ச்சில் நண்பர்கள் கூட்டத்தில் புல்ககோவ் இதைப் படித்துக் காட்டினார். கேட்டவர்களில் ஒருவர் உளவாளி, வரிக்கு வரி மேலிடத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் மே மாதம் ரகசியப் போலீஸ் வீட்டைச் சோதனை போட்டுக் கையெழுத்துப் பிரதியையும் டைரியையும் எடுத்துக்கொண்டு போனது. எழுதியவர் 1940இல் இறந்தார். வெளிநாட்டில் 1968இல் அச்சானது, சோவியத் நாட்டில் 1987இல். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படிக்கலாம். நாய் பேசுகிற முதல் சில பக்கங்களுக்காகவே படிக்கலாம்.

கே: வெள்ளைக்காரர்களையே சொல்கிறீர்களே, நம் ஊரில் 1925இல் ஒன்றும் நடக்கவில்லையா? (தமிழாசிரியை, ஸ்ரீரங்கம்)

நடந்தது, டீச்சர். வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கித் தன் பொறுப்பில் நடத்தத் தொடங்கியது 1925இல்தான். அவருடைய முதல் நாவல் 'வைதேகி' அதில் தொடராக வந்தது. ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. ஆரம்பத்தில் இவர் கதை சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல் எழுதினார். லண்டனில் வுல்ஃப் சொந்தப் பதிப்பகத்தில் நாவல் போட்ட அதே வருஷம், திருவல்லிக்கேணியில் ஒரு பெண் சொந்தப் பத்திரிகையில் நாவல் போட்டார். இலக்கியத் தராசில் இரண்டையும் ஒன்றாக வைக்க நான் வரவில்லை, கோதைநாயகியின் நாவல்களில் உபதேசம் தூக்கல்தான். ஆனால் பெண்கள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிக் கதை படிக்க வேண்டும் என்ற பழக்கத்தை உண்டாக்கியதில் அவர் பங்கு மிகப் பெரியது. அதற்குரிய மரியாதையை நம் விமர்சகர்கள் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தியில் பிரேம்சந்தின் 'ரங்கபூமி'யும் 1925. சூர்தாஸ் என்ற கண் தெரியாத பிச்சைக்காரர். காசிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு துண்டு நிலம், ஊர் மாடுகள் மேய விட்டிருக்கிறார். சிகரெட் தொழிற்சாலை கட்ட அதைக் கேட்கிறார் ஒரு முதலாளி, இவர் கொடுக்க மாட்டேன் என்கிறார். நிலம் கையகப்படுத்துகிற செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்கு சூர்தாஸ் ஞாபகம்தான்.

கே: இவற்றை எந்த வரிசையில் படிக்கலாம்? வேலைக்குப் போகிறவள், மாதம் ஒன்றுதான் முடியும். (திருப்பூர்)

முதலில் 'கேட்ஸ்பி', சின்னது. அடுத்து 'நாயின் இதயம்'. சிரித்த கையோடு 'விசாரணை', தமிழிலேயே கிடைக்கிறது. அப்புறம் மாம், சுலபமாக ஓடும். 'மிஸஸ் டாலோவே'யைக் கும்பகோணத்து அம்மாவுக்குச் சொன்ன மாதிரி ஒரு விடுமுறைப் பகலுக்கு வையுங்கள்.

ட்ரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜடி'யைக் கடைசியில் தொடுங்கள். அதற்கு ஒரு மாதம் போதாது. வாக்கியங்கள் கரடுமுரடு, எடிட்டர் கத்தரி இன்னும் பட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஆனாலும் விடாது. 1906இல் நியூயார்க் மாநிலத்தில் பிக் மூஸ் என்ற ஏரியில் கிரேஸ் பிரவுன் என்ற ஆலைத் தொழிலாளி மூழ்கி இறந்தாள். கர்ப்பிணி. படகில் கூட்டிக்கொண்டு போன காதலன் செஸ்டர் ஜில்லெட், அந்த ஆலை முதலாளிக்குச் சொந்தக்காரன். 1908இல் மின்சார நாற்காலியில் அவனுக்கு மரணதண்டனை. அவள் அவனுக்கு எழுதிய கடிதங்களை நீதிமன்றத்தில் படித்தபோது ஊரே அழுதது. ட்ரைசர் அந்த ஏரிக்கே போய்ப் படகில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். கடிதங்களையும் கொஞ்சம்தான் மாற்றி நாவலில் வைத்துக்கொண்டார். சட்டை காலர் தயாரிக்கிற ஆலையில் முத்திரை குத்துகிற பெண்ணாக அவளை மாற்றியிருக்கிறார். பனியன் கம்பெனி ஊரில் இருந்துகொண்டு நீங்கள் அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

படகில் நடக்கிற அந்த ஒரு நிமிஷத்தை ட்ரைசர் எப்படி எழுதியிருக்கிறார் என்றால், அவன் அடித்தானா, தற்செயலாகப் பட்டதா, விழுந்தவளைக் காப்பாற்றாமல் விட்டதுதான் குற்றமா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். முடித்ததும் உங்கள் தீர்ப்பை எழுதி அனுப்புங்கள். ஈரோட்டு வக்கீல் சாரும் அனுப்பலாம். என்னுடையதை அதற்கு அடுத்த இதழில் சொல்கிறேன்.